நியமிக்கப்பட்ட கறுப்புக் குதிரை

அந்த மெத்தைக் கம்பெனியில் திங்கட்கிழமை காலை எல்லோரும் நின்றுகொண்டு ஓர் ஆங்கில மரபுத்தொடரைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் உட்காரலாம். முதலாளி விமானத்தில் போகும்போது புத்தகம் படிப்பவர். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு வந்து ஊழியர்கள் தலையில் இறக்கிவைப்பார். அடுத்த விமானம் வரைக்கும் அதுதான் கம்பெனியின் கொள்கை. ஒரு காலத்தில் எல்லோரும் பெட்டிக்கு வெளியே யோசித்தார்கள். மெத்தை பெட்டியில் வருவதில்லையே என்று பொதி கட்டுகிற ஒருவர் சொன்னதற்கு, விளக்கம் கேட்டு அவருக்கு ஓலை போனது.

மற்றத் தொடர்களெல்லாம் வந்த வழியே போய்விட்டன. 'டார்க் ஹார்ஸ்' மட்டும் தங்கிவிட்டது. அதை முதலாளியே தமிழில் 'கறுப்புக் குதிரை' என்று பெயர்த்து, பொருளும் சொன்னார். பந்தயத்தில் ஒரு குதிரை ஓடுகிறது. அதன் வம்சம் தெரியாது, பழைய ஓட்டம் தெரியாது, அதன்மேல் ஒருத்தரும் பந்தயம் கட்டவில்லை. அதுதான் கடைசி வளைவில் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வருகிறது. தேர்தலோ தேர்வோ வியாபாரமோ, யாரும் கணக்கில் வைக்காத ஓர் ஆள் ஜெயித்துவிட்டால் அவனைக் கறுப்புக் குதிரை என்பார்கள்.

"நமக்குள்ளேயும் கறுப்புக் குதிரைகள் இருக்காங்க. அவங்களைக் கண்டுபிடிச்சு ஓட விடறது என் கடமை" என்றார் முதலாளி.

ஜெயித்த பிறகு ஊர் சூட்டுகிற பட்டத்தை ஓடுவதற்கு முன்பே கம்பெனி சூட்டலாம் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஆண்டுக்கு ஒருவரை மனிதவளப் பிரிவு தேர்ந்தெடுக்கும். அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய காரியம் ஒப்படைக்கப்படும். முடித்தால் பதவி உயர்வு. முடிக்காவிட்டால் 'தம் திறமைக்கேற்ற வேறு களத்தைத் தேடிக்கொள்ள அவருக்கு உதவி செய்யப்படும்'. இதைச் சாதாரணத் தமிழில் சொன்னால் 'வீட்டுக்குப் போ' என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும்.

முதல் ஆண்டுக் குதிரை, நுரை ரப்பர்க் கிடங்கின் மேற்பார்வையாளர். வெளிநாட்டு ஆர்டர் பிடித்து வரச் சொன்னார்கள். இப்போது அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு, டெலிவரி வண்டி ஓட்டுநர். புது மாடல் மெத்தை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். அவர் படத்தில் சக்கரம் இருந்ததாகப் பேச்சு. அவரும் சுயவிருப்பத்தின் பேரில் போய்விட்டார்.

மூன்றாவதாகக் குழி சார்.

குழி சார் என்பது தையல் பிரிவு வைத்த பெயர். அவர் புகார்ப் பிரிவு. பிரிவென்றால் அவர் மட்டும்தான். மெத்தையில் குழி விழுந்துவிட்டது என்று யாராவது புகார் செய்தால் அவர் வீட்டுக்குப் போவார். நீண்ட அலுமினியப் பட்டையை மெத்தையின் குறுக்கே வைப்பார். பட்டைக்கும் மெத்தைக்கும் நடுவே இரும்பு ஸ்கேலை இறக்கி ஆழம் பார்ப்பார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று விதமாகப் படுத்துப் பார்ப்பார். படுக்காமல் ஒரு மெத்தையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அவர் தமக்குத்தாமே போட்டுக்கொண்ட சட்டம். கடைசியில் எழுந்து உட்கார்ந்து, வாடிக்கையாளர் ஒரே பக்கமாகப் படுத்ததுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். இருபத்து மூன்று ஆண்டுகளில் ஒரு தடவைகூடக் குற்றம் மெத்தையின் மேல் விழுந்ததில்லை. இந்த வேலை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மற்ற கம்பெனிகளில் புகார்களைத் தொலைபேசியிலேயே மறுத்துவிடுகிறார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அடுத்தவர் கட்டிலில் படுத்துப் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒருவர் எந்தக் களத்தைத் தேடிக்கொள்வது?

அறிவிப்பு வந்த அன்று மாலை அவருடைய மச்சினன் வீட்டுக்கு வந்தான். மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் மனிதவள மேலாளர்.

"மாப்ளே, நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"அத்தான், இது கௌரவம். உங்க பேரைப் பரிந்துரை பண்ணினதே நான்தான்."

"அதைத்தான் கேக்கிறேன். நான் உனக்கு என்ன தப்பு பண்ணினேன்?"

மச்சினன் டையைத் தளர்த்திக்கொண்டான். "யார் பேரையாவது குடுத்தே ஆகணும், அத்தான். வேற ஆளைக் குடுத்தா, சொந்தக்காரரைக் காப்பாத்திட்டான்னு பேசுவாங்க. உங்களைக் குடுத்ததால எனக்குப் பாரபட்சமே இல்லேன்னு முதலாளி எல்லார் முன்னாடியும் பாராட்டினார்."

"ரொம்ப சந்தோஷம்டா" என்றாள் அக்காள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணுதான் புரியல. யாருக்கும் தெரியாத குதிரைதானே கறுப்புக் குதிரை? வாசல்ல ஆளுயரத்துக்குப் படம் மாட்டியிருக்கீங்க. அப்புறம் அது எப்படித் தெரியாத குதிரை?"

"அது கான்செப்ட், அக்கா."

"படத்தைச் சுத்திக் கறுப்புக் கட்டம் வேற. மார்க்கெட்ல ரெண்டு பேர் என்கிட்ட துக்கம் விசாரிச்சாங்க."

"அது டிசைன்."

"ஜெயிக்கிறது குதிரைக்கொம்புன்னு உனக்கே தெரியும். தெரிஞ்சுதான் அவரைக் குதிரையாக்கியிருக்கே."

மச்சினன் தண்ணீர் குடித்தான். குடிக்க வேண்டிய அளவைவிட அதிக நேரம் குடித்தான்.

காரியம் இதுதான். நகரத்தின் பெரிய ஹோட்டல் ஒன்று தன் எல்லா அறைகளுக்கும் மெத்தை மாற்றப்போகிறது. இதுநாள்வரை அங்கே போட்டிக் கம்பெனியின் மெத்தைதான். அந்த ஆர்டரைக் குழி சார் வாங்கிவர வேண்டும். ஹோட்டலில் கொள்முதல் பார்க்கிற அம்மாளிடம் விற்பனைப் பிரிவு ஏற்கெனவே மூன்று தடவை போய், மூன்று தடவையும் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருந்தது.

அன்றிலிருந்து குழி சாருக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் முதுகு மெத்தையை அளந்தது, மூளை குழியை அளந்தது. ஆபீசில் எல்லோரும் அவரிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர் வந்து தோளைத் தொட்டுவிட்டு, "சார், இந்த நாற்காலி கைப்பிடி நல்லா இருக்கே. யாருக்காவது தர்றதாச் சொல்லி வெச்சுட்டீங்களா?" என்று கேட்டார். தையல் பிரிவின் மூத்த பெண்மணி, நாற்பது தையல் இயந்திரங்களின் சத்தத்திற்கு மேலே கேட்கும்படி, "கறுப்புக் குதிரையோ மண்குதிரையோ, நம்பி ஆத்துல இறங்கறது மட்டும் எப்பவும் நாமதான்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

குழி சார் விற்பனைப் பேச்சு பழகிப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று, "மேடம், எங்க மெத்தை" என்று தொடங்குவார். அடுத்து, "ஒரே பக்கமாகப் படுத்தால் குழி விழும்" என்றுதான் வாயில் வந்தது.

மாதிரி மெத்தைகளை ஒப்பிட்டுப் பார்க்கிற நாள் வந்தது. ஹோட்டலின் ஓர் அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் இவர்கள் மெத்தை, இன்னொன்றில் போட்டிக் கம்பெனியுடையது. இரண்டுக்கும் ஒரே வெள்ளை விரிப்பு. ஓடுகிற குதிரையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முதலாளியும் வருவதாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள்தான் அவர் விமானத்திலிருந்து இறங்கியிருந்தார். மச்சினனும் கூட வருகிறான்.

குழி சார் எல்லோருக்கும் முன்பாகவே போய்விட்டார். மெத்தை சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னதும், அறைகளைத் துப்புரவு செய்கிற பெண் கதவைத் திறந்துவிட்டுத் தன் தள்ளுவண்டியோடு போய்விட்டாள். அவர் இரண்டு விரிப்புகளின் ஓரத்தையும் தூக்கிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் இருந்தது போட்டிக் கம்பெனியுடையது. சுவர்ப் பக்கம் இருந்தது தங்களுடையது. எதிரியின் மெத்தையில் என்ன குறை என்று தெரிந்தால் பேச ஏதாவது கிடைக்கும். படுக்காமல் வாய் திறக்கக் கூடாதல்லவா? செருப்பைக் கழற்றினார். ஜன்னல் பக்கக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். இடப்பக்கம் திரும்பினார்.

வலப்பக்கம் திரும்பவில்லை.

விழித்தபோது கட்டிலைச் சுற்றிக் கால்கள் தெரிந்தன. முதலாளியின் பளபளப்பான ஷூ. மச்சினனின் அதைவிடப் பளபளப்பான ஷூ. அப்புறம் தட்டையான சாதாரணச் செருப்பு ஒன்று. அது கொள்முதல் அம்மாள். முதலாளி இரு கைகளையும் விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, மேடம். வார்த்தை எதுக்கு? எங்க ஊழியரே எங்க மெத்தைல எப்படித் தூங்கறார் பாருங்க. இதைவிட ஒரு சான்றிதழ் உண்டா?"

மெத்தைக் கம்பெனியின் முதலாளிக்கு, விரிப்புப் போட்டுவிட்டால் தம் மெத்தை எது, பிறத்தியார் மெத்தை எது என்று தெரியாது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் வீட்டில் கிடப்பது வெளிநாட்டு மெத்தை.

குழி சார் எழுந்து உட்கார்ந்தார். கொள்முதல் அம்மாள் குனிந்து விரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். போட்டிக் கம்பெனியின் நீலச் சின்னம் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

முதலாளியின் விரித்த கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. எங்கே வைப்பதென்று தெரியாத கைகள். மச்சினன் தன் அத்தானை ஒரு பார்வை பார்த்தான். அக்காளுக்கு எப்படிச் சொல்வது என்கிற பார்வை அது.

"தினமும் யாராவது வந்து மெத்தையைப் பத்தி என்கிட்ட பேசிட்டுப் போறாங்க" என்றார் அந்த அம்மாள். "மெத்தைல தூங்கிக் காட்டின முதல் ஆள் இவர்தான். எனக்கு வேண்டியதும் அதுதான். என் விருந்தாளிங்க யாரும் மெத்தையோட பேசப்போறதில்ல." சுவர்ப் பக்கக் கட்டிலைக் காட்டினார். "இது உங்களுதுதானே? இதுலயும் அதே தூக்கம் வருதான்னு பாத்துடலாம். நான் மாடி ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன். வரும்போது இந்த மெத்தைல தூக்கம் இருந்தா ஆர்டர் உங்களுக்கு. இல்லேன்னா, ஏற்கெனவே தூக்கம் வந்த மெத்தை இருக்கவே இருக்கு."

கதவு சாத்தப்பட்டது.

குழி சார் சுவர்ப் பக்கக் கட்டிலில் படுத்தார். வேலை, வீடு, வயது எல்லாம் கூடவே ஏறிப் படுத்துக்கொண்டன. கண்ணை இறுக மூடினார். தூங்கியே ஆக வேண்டும் என்று நினைத்த உடனேயே, உடம்பில் இருக்கிற அத்தனை நரம்பும் எழுந்து நின்று வணக்கம் சொன்னது. முதுகுக்குக் கீழே மெத்தை பேச ஆரம்பித்தது. இடுப்புக்கு நேரே ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வு. ஓரத் தையல் ஒரு பக்கம் இழுக்கிறது. இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்த மெத்தையில் அவர் குறை தேடித்தான் படுத்திருக்கிறார். போலீஸ்காரரைத் தாம் காவல் காக்கிற லாக்கப்பிலேயே படுத்துத் தூங்கச் சொன்னால் எப்படித் தூக்கம் வரும்?

"தூங்கிட்டீங்களா, அத்தான்?"

"தூங்கினா எப்படிப் பதில் சொல்வேன்?"

"குறட்டையாவது விடுங்க. வெளியில கேக்கட்டும்."

குழி சார் குறட்டை விட்டுப் பார்த்தார். உதைத்தும் கிளம்பாத மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது.

"நிறுத்துங்க. சும்மா படுத்திருக்கிறதே தேவலை" என்றான் மச்சினன்.

முதலாளி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு தலைமாட்டில் வந்து நின்றார். "மனசுதான் எல்லாம். நீங்க தூங்கணும்னு முயற்சி பண்றீங்க. அதுதான் தப்பு. முயற்சியை விட்டுடணும். விடறதுக்கு முயற்சி பண்ணுங்க."

"பண்றேன், சார்."

"கால் கட்டைவிரல்லேருந்து ஆரம்பிங்க. கட்டைவிரல் தூங்குது. சொல்லுங்க."

"கட்டைவிரல் தூங்குது, சார்."

"குரல்ல நம்பிக்கை இல்ல."

நடைக்கூடத்தில் எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. குழி சாருக்கு வியர்த்தது. அந்த அம்மாள் எத்தனை மாடி சுற்றியிருப்பார்? முகத்தில் தூக்கத்தைக் கொண்டுவரப் பார்த்தார். உதடு துடித்தது.

"தள்ளிப் படுங்க" என்றார் முதலாளி. தலைவன் என்பவன் வழிகாட்டுகிறவன் அல்ல, வழியில் முன்னால் நடக்கிறவன் என்று போன பயணத்தில்தான் படித்திருந்தார். "நான் செஞ்சு காட்டறேன். பாத்துக் கத்துக்குங்க."

இரண்டு பேர் படுக்கிற அகலக் கட்டில். குழி சார் சுவரோரம் ஒதுங்கினார். முதலாளி ஷூவைக்கூடக் கழற்றாமல் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கை கோத்துக்கொண்டார். "முதல்ல மூச்சு. உள்ள இழுக்கணும். இப்படி. அப்புறம் மெதுவா வெளியே…"

மூச்சு வெளியே வந்தது. உள்ளே போகும்போது ஒரு சீழ்க்கைச் சத்தத்தோடு போனது. மறுபடி வெளியே வந்தபோது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"சார்?" என்றான் மச்சினன்.

சார் வாயைத் திறந்தபடி, யாருடைய வழிகாட்டுதலும் இல்லாமல், அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். தொப்பை ஏறி இறங்கியது. குழி சார் அவருக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தார். முதலாளி பக்கத்தில் எழுந்து உட்காருவது மரியாதையா, படுத்திருப்பது மரியாதையா என்று அவருக்குத் தெரியவில்லை.

"மாப்ளே, எழுப்பட்டுமா?"

"எழுப்பினா ஆர்டர் போயிடும். எழுப்பலேன்னா என் வேலை போயிடும்" என்றான் மச்சினன். முதன்முதலாக அவன் முகத்திலும் வியர்வை தெரிந்தது.

கதவு திறந்தது. கொள்முதல் அம்மாள் வாசலிலேயே நின்று கட்டிலைப் பார்த்தார். ஒருவர் கண் முழித்துக் கூரையைப் பார்க்கிறார். இன்னொருவர் ஷூவோடு குறட்டை விடுகிறார். அந்த அம்மாள் முகத்தில் எதுவும் மாறவில்லை. கொள்முதலில் பழகிய முகம்.

"இந்த மெத்தைல தூக்கம் இருக்கு. அது போதும்" என்று மெல்லிய குரலில் மச்சினனிடம் சொன்னார். "ஆர்டர் அனுப்பிடறேன். அவரை எழுப்பாதீங்க, பாவம். ஷூவை மட்டும் கழட்டிவிடுங்க, விரிப்பு எங்களுது."

முதலாளி புரண்டு படுத்துத் தாமாக விழிக்கும்வரை காத்திருந்து கிளம்பினார்கள். காரில் மூன்று பேரும் பின்னிருக்கையிலேயே உட்கார்ந்தார்கள், முதலாளி நடுவில். முதலாளியின் கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு இன்னும் இருந்தது.

"நான் தியானத்துல இருந்தேன்" என்றார் முதலாளி.

"ஆமா, சார்" என்றார்கள் இரண்டு பேரும்.

"சத்தம் ஏதாவது வந்துச்சா?"

"இல்ல, சார்."

"அந்தம்மா எதைப் பாத்து ஆர்டர் குடுத்தாங்க?"

"தூக்கத்தை, சார்."

"யாரோட தூக்கத்தை?"

மச்சினன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். குழி சார் தம் முழங்காலைப் பார்த்தார். உள்ளது உள்ளபடி சொன்னால் ஓடி ஜெயித்தது முதலாளி. குதிரை அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. திட்டத்தின்படி அது வேறு களத்தைத் தேட வேண்டியதுதான். ஆனால் அப்படிச் சொல்ல வேண்டுமானால், வேலை நேரத்தில், ஓர் அந்நியப் பெண்மணியின் முன்னால், கம்பெனியின் முதலாளி ஷூவோடு வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அந்தக் காரில் ஆள் இல்லை. அதைக் கேட்கவும் ஆள் இல்லை.

"அத்தானோட தூக்கம்தான், சார்" என்றான் மச்சினன்.

முதலாளி மெதுவாகத் திரும்பிக் குழி சாரைப் பார்த்தார். அதிகாரம் கொஞ்சமும் இல்லாத பார்வை. கடைக்காரரிடம் கடன் கேட்கிறவரின் பார்வை. "நல்லாத் தூங்கினீங்களா?"

குழி சார் எத்தனையோ வீடுகளில், எத்தனையோ குழிகளுக்கு முன்னால், கை நடுங்காமல் பொய் எழுதிக் கொடுத்தவர்.

"ரொம்ப நல்லாத் தூங்கினேன், சார். நீங்க பக்கத்துல முழிச்சிருந்தீங்க இல்ல, அந்தத் தைரியம்" என்றார்.

முதலாளி இருக்கையில் சாய்ந்துகொண்டார். "நான் எப்பவும் சொல்வேன். யாருக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குப் பாத்தவுடனே தெரிஞ்சுடும்."

வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வேலை இருக்கா?"

"இருக்கு."

"எப்படி?"

"தூங்கினேனாம்."

எல்லாவற்றையும் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் அவர் உட்காராமல் நின்றுகொண்டிருந்ததைக் கவனித்தாள்.

"அதான் வேலை இருக்குன்னு ஆயிடுச்சே. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"பதவி உயர்வும் குடுத்துட்டாங்க. இனிமே புகார் பாக்க வேணாம். விற்பனையோட போகணும். ஆர்டர் கிடைச்ச கதையை முதலாளி கார்லேருந்தே நாலு பேருக்குப் போன்ல சொல்லிட்டார். ஒரு ஆஸ்பத்திரி கேட்டிருக்கு, ரெண்டு ஹாஸ்டல் கேட்டிருக்கு. நான் வந்து அவங்க முன்னாடி தூங்கிக் காட்டணுமாம்."

அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மறந்துவிட்டார்.

"முதலாளியும் கூட வர்றாரா?" என்று கேட்டாள்.

"கேட்டிருக்கேன்" என்றார் குழி சார். "அவர் வந்தாத்தான் தூக்கம் வரும்."